நேச நாடுகள்

துறைத் தலைவி மடிக்கணினியோடு வந்து வகுப்பின் பின்வரிசைக் கதிரையில் என் பாடத்தை மதிப்பிட அமர்ந்தார். மெல்பேர்ணில் சரித்திர ஆசிரியையாகத் தற்காலிகக் கொன்ராக்டிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். டண்டினொங் பக்கம் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர இடம் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. போட்டியில் நானும் கவிதாவும்.

கவிதா மதுரைக்காரி. அதுவரை ஒரே காரில் வந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, பாடத் திட்டங்களைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாங்கள். பழைய துறைத் தலைவர் எங்கள் இருவரையும் ஒரேயளவாக வறுத்தெடுப்பார். அவரைத் திட்டித் திட்டியே நெருக்கமாகிவிட்டோம். அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த தலைவி, இருவரும் ஒரே பாடத்தை ஆளுக்கொரு வகுப்பில் எடுக்க வேண்டும், பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். பாடம் இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஒரே பக்கம் நின்ற அமெரிக்காவும் சோவியத்தும் போர் முடிந்ததும் எப்படி எதிரிகளாயின?

மறுநாளே கவிதா என் காரை விட்டு ரயிலில் வரத் தொடங்கினாள். “உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்” என்றாள். நானும் எங்கள் பொதுக் கோப்பிலிருந்து என் ஸ்லைடுகளை எடுத்துவிட்டேன். அவள் குரலைத் தாழ்த்திப் போனில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று பட்டது. தலைவியோடு சிரித்துப் பேசினால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த மனநிலையில்தான் வகுப்பைத் தொடங்கினேன். நான் யாழ்ப்பாணத்தில் தமிழில் சரித்திரம் படித்தவள். பதறினால் மூளை தமிழுக்கு ஓடிவிடும். ‘அலைஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், நேச நாடுகளை அப்படியே ஆங்கிலமாக்கி ‘லவிங் நேஷன்ஸ்’ என்று சொல்லிவிட்டேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. தலைவி எதையோ தட்டச்சுச் செய்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

“சோ வை டிட் தே பிரேக் அப், மிஸ்?” என்று, காதலர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதுபோல் ஒருத்தி கேட்டாள். இன்னும் சிரிப்பு.

வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டேன். அது நேசமே இல்லை, இருவருக்கும் எதிரி ஒன்று, அவ்வளவுதான் என்றேன். ஜெர்மனிக்கு எதிராக மேற்கில் இரண்டாவது போர்முனையைத் திறக்க அமெரிக்கா தாமதித்தது தங்களைச் சாகவிடத்தான் என்று சோவியத் நினைத்தது. சோவியத் படை போலந்தை விட்டுப் போகாதது ஐரோப்பாவை விழுங்கத்தான் என்று அமெரிக்கா நினைத்தது. பிறகு ஐரோப்பாவுக்கு உதவி தருகிறேன் என்று அமெரிக்கா சொன்னபோது, சோவியத் அதைப் பொறி என்று ஒதுக்கியது. ஒருவர் தன் காவலுக்குச் செய்வது மற்றவருக்குத் தாக்குதலாகத் தெரிந்தது. பிள்ளைகள் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று புரிந்தது. நான் விவரித்துக்கொண்டிருந்தது எங்கள் ஸ்டாஃப்ரூமை.

மணி அடித்தது. “பிள்ளைகளைக் கேட்கவிட்டதுதான் நல்ல பகுதி” என்று சொல்லிவிட்டுத் தலைவி வெளியேறினார். அடுத்த பாடவேளை கவிதாவுடையது. ஸ்டாஃப்ரூமுக்கு ஓடினேன்.

“கவிதா, ஸ்லைட்டை வாசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. பிள்ளையளைக் கதைக்க விடுங்கோ. அவ அதைத்தான் பாக்கிறா.”

அவள் மடிக்கணினியை மூடினாள். “இதை எதுக்குங்க எங்கிட்ட சொல்றீங்க?”

“உங்களுக்கு உதவியா இருக்குமெண்டுதான்.”

“ஆமா, இருக்கும்” என்று எழுந்து போனாள்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடு வரை அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் வாசித்தாள். ஒரு பிள்ளை தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. சந்தோஷமாக இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மனதில் இருப்பதை நம்பிக்கை இருக்கும்போதே பேசிவிடுங்கள். அது போன பிறகு, நீங்கள் சொல்லும் உண்மையும் பொறியாகத்தான் கேட்கும்.