தேயிலைப் பேணியில் ஒளித்தவை

எங்கள் கலியாணத்துக்குப் பாதிரியாரின் மனைவி ஒரு வாக்குத்தத்தப் பெட்டி தந்திருந்தார். கையளவு அட்டைப்பெட்டி. உள்ளே வேதவசனங்கள் அச்சடித்த சிறு காகிதச் சுருள்கள் நெருக்கமாக நிற்கும். காலைச் செபம் முடிந்ததும் கண்ணை மூடி ஆளுக்கொன்றை எடுத்து வாசித்து, திரும்பச் சுருட்டி வைத்துவிட வேண்டும். வந்த வசனத்தை அன்று முழுவதும் மனதில் வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். திருகோணமலையில் எங்கள் சபை வீடுகள் பலவற்றில் தேத்தண்ணீருக்கு முன்னால் இதுதான் நடக்கும்.

நான் சட்டி கழுவும்போது வசனத்தைச் சொல்லிக்கொண்டே கழுவுவேன். பாதியில் மறந்துபோய் அடுத்த வீட்டுக் கோழியைத் திட்டிக்கொண்டு நிற்பேன். ஆனாலும் மனம் கண்டபடி ஓடாமல் இருக்க அது உதவியது உண்மை.

பிறகு யப்பான்காரன் வரப்போகிறான் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். சனம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டது. என் கணவருக்குச் சீனக்குடாவில் கடற்படையின் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குழாய் பொருத்தும் வேலை. ஊரைவிட்டுப் போக அவரை விட மாட்டார்கள். அவரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம், வெறும் பிடிவாதம். உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு காலை அவர் எடுத்த சுருளில் நெருப்பைப் பற்றிய வசனம் வந்தது. அவர் சத்தமாகத்தான் வாசித்தார். ‘நெருப்பு’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு மிச்சம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எண்ணெய்த் தாங்கிக்குப் போகிறவர் வாயில் இந்தச் சொல்லோடா போவது? அன்று கறியில் உப்பை இரண்டு தரம் போட்டேன். பின்னேரம் அவர் சைக்கிள் மணி கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் அவர் போனதும் பெட்டியை மடியில் கொட்டினேன். நெருப்பு, வெள்ளம், இருள், மரணம், சத்துரு என்று எந்தச் சொல் இருந்தாலும் அந்தச் சுருளை, புளியில் கொட்டை எடுப்பதுபோல, பிடுங்கி எடுத்தேன். குசினியில் அடுப்புக்கு மேலே இருந்த வெறும் தேயிலைத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினேன். பெட்டியில் மிஞ்சியவை புல்வெளியும் தேனும் திராட்சைத் தோட்டமும்தான்.

அதன்பிறகு அவருக்கு நல்லது மட்டுமே வந்தது. வந்ததே திரும்பத் திரும்பவும் வந்தது. வாசித்துவிட்டுக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மனிதர் அமைதியாகத்தான் போகிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு காலை, அவர் வேலைக்குப் போய்ச் சற்று நேரத்தில் விமானம் வருகிறதென்று ஆபத்துச் சங்கு ஊதியது. அடுத்த வீட்டு மூதூர்க்காரப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துப் பதுங்குகுழிக்குள் இறக்கினாள். குண்டு விழ விழ மண் எங்கள் தலையில் கொட்டியது. அவள் தன் மார்க்கத்து ஓதலை ஒரு சொல்லும் விடாமல் ஓதிக்கொண்டே இருந்தாள். நானும் வாயைத் திறந்தேன். புல்வெளி வந்தது, தேன் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒன்றும் நிற்கவில்லை.

அப்போதுதான் நான் ஒளித்த நெருப்பு வசனம் நினைவில் வந்தது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பாடமாக்கியதுதான். நெருப்பே வராது என்று அதில் சொல்லவில்லை. நெருப்புக்குள் நடக்கும்போது கூட இருப்பேன் என்றுதான் சொல்லியிருந்தது. அதையே பிடித்துக்கொண்டு அந்தக் குழிக்குள் இருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் சீனக்குடாப் பக்கம் வானம் கறுத்திருந்தது. தெருவில் ஓடிவந்த ஒருவரை மறித்தேன்.

“தாங்கி ஒண்டு பத்தி எரியுது தங்கச்சி. கிட்டப் போக ஏலாது” என்றார்.

அன்று என் கணவர் வீடு வரவில்லை. பேணியைத் திறந்து எல்லாச் சுருளையும் மேசையில் விரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பயங்கரமான சொல் ஒன்று முதலில் வரும். அதற்குப் பிறகு அஞ்சாதே என்று வரும். ஒன்றையாவது நான் கடைசிவரை வாசித்துப் பார்த்திருக்கவில்லையே! அவருக்கு வேண்டியதை எல்லாம் பேணியில் பூட்டிவிட்டு மனிதரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவர் நடந்து வந்தார். முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருந்தது, கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவரைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது ஏச்சுத்தான்.

“எங்க நிண்டனீங்கள்? ஒரு ஆளிட்டச் சொல்லி அனுப்பவும் ஏலாதோ?”

“முதல்ல தண்ணி தாரும்” என்றார்.

குடித்து முடித்து மேசையைப் பார்த்தார். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையில் அமர்ந்து, சுருள்களை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

“நான் வேற மாதிரி நினைச்சிட்டன்” என்றார். “ஒவ்வொரு நாளும் எனக்குப் புல்வெளியும் தேனும்தான் வந்தது. நான் எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில நிக்கிறனான் எண்டு ஆண்டவருக்குத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன். நேற்று இரவு முழுக்க அந்த நெருப்புக்கு முன்னால நிண்டும் ஒரு செபமும் சொல்லேல்ல. ஆரிட்டச் சொல்லுறது?”

அவர் சுருளொன்றைத் தேடி எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“கண் எரியுது. நீர் வாசியும்.”

வாசித்தேன். ‘நெருப்பு’ என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

“மிச்சத்தையும் வாசியும்” என்றார்.