எந்தப் படத்திலும் இல்லாத சதாசிவம் அண்ணை

வன்னியில் எல்லாம் முடிந்துபோன வருடம் இது. லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி வாரக்கணக்கில் இருந்த எங்கள் சனம் வெறுங்கையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரெதமிலிருந்து டெலிபோன் வந்தது. "மாமா, அப்பா போயிட்டார்" என்றான் சதாசிவம் அண்ணையின் மகன் ரவி.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் வெள்ளைக்காரர் இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்த பழைய போர்க்கப்பலில் சதாசிவம் அண்ணை சிக்னல்காரர், நான் குசினியில் சமையல். அவரிடம் ஒரு பெட்டிக் கமரா இருந்தது. அதை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்த்துத்தான் படம் எடுப்பார். முதல் பயணத்தில் நான் குடல் வெளியே வரச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, மானத்தை வாங்காதேங்கோ!"

"அணிவகுப்பை அரசாங்கம் படம் பிடிக்கும். நீ சத்தியெடுக்கிறதை ஆரடா பிடிக்கிறது? கொஞ்சம் நிமிர்ந்து எடு."

சவரம் செய்கிறவன், தளத்தில் குப்புறப் படுத்தவன், வீட்டுக் கடிதத்தை ஐந்தாம் தரம் வாசிக்கிறவன் என்று எல்லோரையும் பிடித்தார். என் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். துக்கச் செய்தியென்றால் முதலில் சாப்பிடச் சொல்லுவார். "தாருங்கோ, உங்களை எடுக்கிறன்" என்று ஒருநாள் கேட்டேன். "நீ கமராவையும் கறிச்சட்டி மாதிரி ஆட்டுவாய்" என்று தரவில்லை.

சிங்களம் படித்தால்தான் உத்தியோகம் என்றானதும் இருவரும் கடற்படையை விட்டு விலகினோம். பிறகு அவருடைய ஊர்வீடு எரிந்தது. மற்றப் படங்கள் அதோடு போயின. கப்பல் படங்கள் ஒட்டிய அல்பம் மட்டும் அவரோடு லண்டன் வந்தது. இந்தச் சித்திரையில் தொலைக்காட்சியில் இலங்கைக் கடற்படைக்காரரைக் கண்டதும், "நாங்கள் போட்ட உடுப்படா அது" என்றார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவேயில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கு அவரின் இளவயதுப் படம் வேண்டும். அல்பத்தில் அநேகம்பேர் கடற்படை உடுப்பில்; இந்த வருடம் அந்த உடுப்போடு எப்படிப் போடுவது? மேலுடுப்பில்லாமல் சிரித்த ஒரு பொடியனைக் கண்டு, அப்பா என்று நினைத்து ரவி வீட்டார் அட்டையில் போட்டுவிட்டார்கள். அன்று நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதே படம் பெரிதாகி, மாலையும் சந்தனப் பொட்டுமாக விளக்குக்கு முன்னால் இருந்தது.

"ரவி, இது உன்ர அப்பா இல்லை."

"வயது போனால் தடுமாறும் மாமா."

"எனக்குத் தடுமாறேல்லை. இது என்னோட வெங்காயம் உரிச்ச சிங்களப் பொடியன் பியதாசா."

அவன் முகம் செத்துப்போயிற்று. "இண்டைக்கு இந்த வீட்டில அந்தப் பெயரைச் சொல்லாதேங்கோ. புத்தகம் எல்லாருக்கும் குடுத்தாச்சு."

அல்பம் முழுக்கத் தேடினேன். எடுத்தவர் எதில் இருப்பார்? ஒரேயொரு படத்தில், தளத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது: தலை குனிந்து, முழங்கை இரண்டும் விரிந்து. "இதையாவது வை" என்றேன்.

"நிழலையா மாமா?" என்று கேட்டு அழுதான். வைக்கவில்லை.

அண்ணை, போய் வாருங்கள். உங்கள் இடப்புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் குழியும். அதைப் படமாகக் கீறிக் காட்ட எனக்குத் தெரியாது. அந்த இளவயது முகத்தைக் கண்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என்ஜின் அறை அந்தோனி கனடாவில் முடிந்தான். பியதாசா தன் ஊரான காலியில் முடிந்தான். இன்னும் உயிரோடு இருப்பவன் குசினிச் சின்னத்துரை, நான்தான்.