டெரலின் பாட்டில் ஒரு சுருதிப் பெட்டி

ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துவது என்றால் பாட்டைப் பிடிப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது மற்ற சத்தத்தையெல்லாம் விரட்டுகிற வேலை. ஏ.சி., ஃப்ரிட்ஜ், பக்கத்துக் கடை ஐஸ் மெஷின், பாட வந்தவர் கை வளையல், கூட வந்தவர் செருமல் என்று ஒன்று போனால் ஒன்று வரும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெலிகாம் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, டெக்சாஸில் ஆலன் ஊரில், முன்பு செருப்புக் கடையாக இருந்த இடத்தை லீஸுக்கு எடுத்து ஸ்டூடியோ வைத்தேன். திருச்சியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த திமிர்தான் காரணம். மனைவி நஸீமா ஃபார்மசியில் வேலை பார்த்ததால் வீட்டில் அடுப்பு எரிந்தது. ரூம் ஒன்றில் ரெக்கார்டிங். சுவருக்கு அந்தப் பக்கம் ரூம் இரண்டு. அங்கே சனி, ஞாயிறுகளில் ராஜி ஆன்ட்டி கர்நாடகப் பாட்டு கிளாஸ் எடுத்தார். இதில் வருகிற அமெரிக்கர்கள் பேசியது தெற்கத்தி இங்கிலீஷ். அதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன், அதுதான் பொருந்துகிறது.

ஆமா போடுகிறவர்

அரங்கேற்றப் பாட்டு, பர்த்டே கரோக்கி என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு 2004-ல் டெரல் வந்தார். ராப் பாடகர், ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருஷம் அவரும் அவர் பெரியம்மா மகன் கர்டிஸும் ஜோடியாகப் பாடியவர்கள். கர்டிஸ் வரிகளைச் சொல்வார். டெரல் ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் கூடச் சேர்ந்து சொல்வார். வில்லுப்பாட்டில் ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் ஒருவர் ஆமா போடுவாரே, அந்த உத்தியோகம்.

கர்டிஸ் பாட்டை விட்டுவிட்டு அட்லாண்டாவுக்கு இன்ஷூரன்ஸ் விற்கப் போய்விட்டார். டெரல் முதல்முறையாகத் தனி ஆல்பம் போடக் கிளம்பியதும் ஹூஸ்டன் ரெக்கார்ட் கம்பெனிக்காரர் சிரித்தாராம். ஆனாலும் பழைய பழக்கத்துக்காக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நேரில் வந்து முழு ஆல்பத்தையும் கேட்பார். பிடித்தால் வெளியிடுவார், பிடிக்காவிட்டால் டெரல் அதோடு பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். அவ்வளவு முக்கியமான வேலைக்கு டாலஸில் பெரிய பெரிய ஸ்டூடியோக்களை விட்டுவிட்டு ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கர்டிஸ் எங்கன்னு கேக்காத ஸ்டூடியோ இந்தப் பக்கத்துல உன்னுது ஒண்ணுதான்."

மிஸ் வெர்னா

ஆல்பத்துக்கு இசையமைத்துத் தயாரித்தவர் ஒரு பெண். பெயர் வெர்னா, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பார், மற்ற நாட்களில் ஃபங்க் என்கிற ஆட்ட இசை. டெக்சாஸில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நாம் அக்கா போடுகிற இடத்தில் அவர்கள் மிஸ் போடுவார்கள். டெரலுக்கு அவர் மிஸ் வெர்னா, அன்றிலிருந்து எனக்கும்.

கம்ப்யூட்டர் தாளம் போதாது, ஆள் வாசித்தால்தான் இடுப்பு ஆடும் என்று சொல்லி என்னையே கீபோர்டில் உட்கார வைத்தார். நானும் விடவில்லை. மெல்லிசைக் குழுவில் சும்மா இருக்கிறவனுக்கு அடுத்த கச்சேரி கிடையாது; எங்கே இடைவெளி தெரிந்தாலும் உள்ளே புகுந்து நாலு ஸ்வரம் போட்டுவிட வேண்டும். அப்படியே போட்டேன். மிஸ் வெர்னா மூன்று டேக் பொறுத்தார். நாலாவதில் என் வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார். ஃபங்க்கில் முதல் தட்டில் எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும், பிறகு வழியை விட்டு விலக வேண்டும் என்று பாடம் நடத்தினார். ஒரு மணி நேரத்தில் எட்டு ஸ்வரம் மட்டும் வாசித்தேன். அவ்வளவு நன்றாக நான் வாழ்நாளில் வாசித்ததில்லை.

"அன்வர், ஓட்டை இருந்தா அடைக்கணும்னு உனக்கு யாருப்பா சொன்னது? ஜனங்க அது வழியாத்தான் ஆடுவாங்க."

மினிவேன் பரீட்சை

டெக்சாஸில் ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதை ஸ்டூடியோவில் முடிவு செய்வதில்லை, காரில் முடிவு செய்வார்கள். டெரலின் கார் டிக்கி முழுக்க ஸ்பீக்கர். பார்க்கிங் லாட்டில் முதல் பாட்டைப் போட்டதும் நம்பர் பிளேட் தடதடத்தது. எதிரே இருந்த இண்டியன் க்ரோசரிக்காரர் ஊறுகாய் ஷெல்ஃபைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெரலுக்குத் திருப்தி இல்லை. என் மினிவேனில் போடச் சொன்னார். பின்சீட்டில் என் மகள் சிதறவிட்ட பிஸ்கெட் தூளும் அவளுடைய கார் சீட்டும். முன்சீட்டில் டெரலின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. கதவு ஸ்பீக்கர் ஒன்று ஊமை. பத்துப் பாட்டையும் அதில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்க அம்மா வண்டியும் இப்படித்தான். இதுல நல்லா இருந்தாத்தான் நல்லா இருக்கு."

பதினோராவது பாட்டு

பத்துப் பாட்டு முடிந்தது. பதினோராவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. டெரலின் அம்மா ஸ்கூல் பஸ் டிரைவர். வீட்டில் விட்டு வர ஆள் இல்லாததால், பள்ளிக்கூடம் போகிற வயது வருமுன்பே அவரைத் தினமும் பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். அந்தக் கதைதான் பாட்டு. மற்ற பாட்டெல்லாம் ஆட வைக்கிற வேகம், பின்னால் கோரஸ் உண்டு. இது மெதுவானது, பேஸ் கிட்டாரும் என் எட்டு ஸ்வரமும் அவர் குரலும் மட்டும்.

இங்கேதான் வண்டி நின்றது. டெரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கணம் நின்றார். இன்னொரு குரல் வந்து சேரும் என்று பன்னிரண்டு வருஷம் பழகிய தொண்டை, தானாக நின்றது. குரல் வராது. அவர் தடுமாறி அடுத்த வரியைத் தாமதமாகப் பிடிப்பார். மூன்று வாரம், எத்தனையோ டேக். பாட்டையே எடுத்துவிடலாமா என்று மிஸ் வெர்னா மெதுவாகக் கேட்டார். அந்தப் பாட்டு இல்லாமல் ஆல்பமே வேண்டாம் என்றார் டெரல். அவர் கண் கலங்கியதைப் பார்க்காததுபோல நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர் வர இரண்டே நாள் இருந்தது.

"தனியா நின்னா, ரூம்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு, அன்வர். நான்கூட இல்லாத மாதிரி."

நோன்பு திறந்த சனிக்கிழமை

அது நோன்பு மாதம். டெரல் முதல் நாள் தெரியாமல் என் எதிரில் கோழி விங்ஸ் சாப்பிட்டார். தெரிந்த பிறகு தண்ணீரைக்கூடப் பார்க்கிங் லாட்டுக்குப் போய்த்தான் குடித்தார். அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவரே கடிகாரத்தைப் பார்த்து, நீ போய் நோன்பு திற, அதற்குள் நான் ஒருமுறை பாடிப் பார்க்கிறேன் என்றார். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, கதவைச் சாத்தாமல் பேரீச்சம்பழத்தோடு வெளியே போனேன். எந்த டேக்குக்கும் முன்னால் ரூம் இரண்டை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று பசியில் விட்டுவிட்டேன். அங்கே ராஜி ஆன்ட்டி ஒரு பேட்சை அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார், அடுத்த பேட்ச் ஆறரைக்கு. நடுவில் சுருதியை நிறுத்தினால் ரூம் ஆறிப்போகும் என்பது அவர் கொள்கை. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி அங்கே ஸா-பா-ஸா என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அந்த ரூம் கதவும் திறந்து கிடந்தது.

திரும்பி வந்து கேட்டேன். டெரல் எங்கும் நிற்கவில்லை. பஸ் ஓடுகிற மாதிரி வரிக்கு வரி போய்க்கொண்டே இருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் இன்னொன்று காதில் விழுந்தது. பாட்டு முழுக்க அடியில் தம்புரா ரீங்காரம். குரலோடு ஒட்டிக்கொண்டது, பிரித்தெடுக்க வழியில்லை. செய்த தப்பை ஒத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு, இன்னொரு டேக் போகலாம் என்றேன். இரண்டாவது வரியிலேயே டெரல் நின்றுவிட்டார். ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"முன்னாடி என்கூட ஒருத்தர் நின்னாரே, அவரைக் கூப்பிடு."

ஒரு கட்டை வித்தியாசம்

பெட்டியை மறுபடி போட்டு எடுத்த டேக் எதுவும் அந்த முதல் டேக்குக்கு ஈடாகவில்லை. அதையே வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஆனால் பெட்டி ஒரு கட்டையில், மிஸ் வெர்னா முன்பே வாசித்து வைத்த பேஸ் வேறு கட்டையில். ஞாயிறு மத்தியானம் சர்ச் உடுப்போடு வந்தவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேஸைப் பெட்டிக்குச் சேர்த்து ஒவ்வொரு தந்தியாக இறக்கினார்.

"எங்க பாஸ்டர் எந்தக் கட்டையில ஆரம்பிச்சாலும் நான் போய்ச் சேந்துதான் ஆகணும். இந்தப் பெட்டியாவது ஒரே இடத்துல நிக்குதே."

ராஜி ஆன்ட்டியின் தீர்ப்பு

பெட்டிக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டுமே. பாட்டில் இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தை. இருமலில் மூடிவிடலாம் என்று திட்டம் போட்டு ஆன்ட்டியை உட்கார வைத்தேன். டெரல் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆன்ட்டி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். முதல் இடத்தில் இருமினேன். இரண்டாவது இடத்தில், பேசாமல் இருக்கும்படி கையால் சைகை காட்டினார். பாட்டு முடிந்ததும் டெரலைக் கிட்டே கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். அதற்கு டெரல் ரொம்பவே குனிய வேண்டியிருந்தது. அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"வார்த்தை கொஞ்சம் முன்ன பின்ன இருக்குப்பா. ஆனா பிள்ளை ஒரு இடத்துலயும் சுருதியை விட்டு விலகலை."

திங்கட்கிழமை

ஹூஸ்டன்காரர் ஆல்பத்தை என் மினிவேனில்தான் கேட்டார், டெரலின் கட்டாயம். கார் சீட்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து கேட்டவர், கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் இறங்கவில்லை. கர்டிஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் ஓடுகிற அந்தச் சத்தம் யார் என்று மட்டும் கேட்டார். வசந்தத்தில் சி.டி. வெளிவந்தது. எங்கள் பக்கத்துக் கார்களிலெல்லாம் ஓடியது, அதற்கு மேல் பெரிதாக எங்கும் போகவில்லை. டெரல் முதல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்னட்டையில் "கூட நின்றவர்" என்று ராஜி ஆன்ட்டியின் பெயர். கீழே "கதவைத் திறந்து வைத்தவர்" என்று என் பெயர். நஸீமா இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க ஒழுங்கா வேலை பாத்த பத்துப் பாட்டுக்கு ஒண்ணும் போடலையா?"

சத்தத்தை விரட்டுவதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு அந்தத் தொழிலில் கிடைத்த ஒரே பெயர், ஒரு சத்தத்தை விரட்ட மறந்ததற்குத்தான்.