இருபதாம் கோடு

என் வீட்டுக்காரருக்குக் 'கொஞ்சம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது. ரசத்துக்குக் கொஞ்சம் உப்பு என்றால் எத்தனை கிராம் என்பார். காபித் தூளைத் தராசில் நிறுத்துப் போடுகிற வேறொரு மனிதர் ஊரப்பாக்கத்தில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். வேலையும் தோதாக அமைந்துவிட்டது: ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பிள்ளைக்கு அரை மதிப்பெண்கூடக் கொடுக்கமாட்டேன்.

அப்பா போன பிறகு அம்மா வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை நோய். சாப்பிடுவதற்கு முன்னால் இன்சுலின் பேனாவில் இருபது யூனிட் போட்டுக்கொள்ள வேண்டும். பேனாவில் எண்ணைத் திருப்பி வைத்து அழுத்தினால் அதுவே அளந்து இறக்கிவிடும். அந்தப் பொறுப்பை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். வெறும் வயிற்றில் சாமி கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இட்லி சொன்னோம். ஊசி போடப் பேனாவை எடுத்தால் அதன் பொத்தான் இறுகிக்கொண்டு அசையவே இல்லை. அவர் அசருகிற ஆளா? பக்கத்து மெடிக்கலில் ஒரு சிரிஞ்ச் வாங்கிவந்தார். பேனாவுக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குழாயைக் கழற்றி, அதிலிருந்து மருந்தை உறிஞ்சினார். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் சுண்டிக் குமிழியை வெளியேற்றி, இருபதாம் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தினார். நான் சர்வரைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையை விலக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஊசி போட்டாயிற்று.

சிரிஞ்சைக் குப்பையில் போடலாம் என்று நான் கையில் எடுத்தபோதுதான் அதில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். மேசையில் கிடந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். ஒரு மில்லிக்கு நூறு யூனிட்.

மில்லிக்கு நாற்பது யூனிட் உள்ள மருந்துக்குத்தான் அந்தச் சிரிஞ்சில் கோடு போட்டிருக்கிறார்கள். அதில் இருபதாம் கோடு என்றால் அரை மில்லி. அரை மில்லிக்குள் இந்த மருந்து எத்தனை யூனிட் இருக்கும்? ஐம்பது. இருபது போக வேண்டிய உடம்புக்குள் ஐம்பது போயிருந்தது, அதுவும் வெறும் வயிற்றில்.

"என்னங்க, இதைப் பாருங்க" என்று இரண்டையும் அவரிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இரு, இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்" என்று போனை எடுத்துக் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். எத்தனை தடவை போட்டாலும் ஐம்பதுதானே வரும்?

"எங்கம்மாவைக் கொன்னுட்டுக் கணக்கா பாக்கறீங்க?" என்று கத்தினேன். ஓட்டல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்படிக் கத்தியதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

இட்லி இன்னும் வரவில்லை. சர்வரிடம் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி அம்மாவின் வாயருகே கொண்டுபோனேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடி பேஜாரா கீது? சக்கர தண்ணிய குடுக்கற. டாக்டரு திட்டமாட்டாரா?"

"மருந்து ஜாஸ்தியாப் போயிடுச்சும்மா. குடிச்சாத்தான் பொழைப்பே. குடி!"

இரண்டு வாய் குடித்தாள். மீதியை முந்தானையில் சிந்தினாள். காரில் ஏற்றினோம். கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருப்பது அவருக்குத் தெரியும். ஹாரனே அடிக்காத மனிதர் அன்றைக்கு வழியெல்லாம் அடித்தார். கோவளம் சந்திப்பில் பீச்சுக்குப் போகிற கார்கள் வரிசை கட்டி நின்றன. எதிர்ப்பக்கச் சாலையில் ஏறிப் போனார். வந்தவர்களெல்லாம் திட்டினார்கள்.

அம்மாவின் நெற்றி வேர்த்தது. ஏசி காற்றிலும் ரவிக்கை நனைந்துவிட்டது. நாக்கு குழற, "மாட்ட அவுத்துக் கட்டினியா?" என்று என்னைக் கேட்டாள். மாடு விற்றுப் பல வருஷம் ஆயிற்று. "கட்டிட்டேம்மா" என்றேன். சர்க்கரைத் தண்ணீரை மறுபடி கொடுத்தால் கடைவாய் வழியே ஒழுகியது. புரையேறிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்திரண்டு. "இன்சுலின் எவ்ளோ போட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் எங்கே இருபது என்று வாய் தவறிச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் தடுமாறவே இல்லை.

"அம்பது யூனிட். இருபது போடணும். நூறு யூனிட் மருந்தை நாப்பது யூனிட் சிரிஞ்சுல எடுத்துட்டேன். நான்தான் போட்டேன்."

டாக்டரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் அம்மா கண் திறந்தாள். நான் மூச்சு விட்டேன். "சந்தோஷப்படாதீங்க, உள்ள போன மருந்து இன்னும் சில மணி நேரம் வேலை செய்யும்" என்றார் டாக்டரம்மா. சொன்னது போலவே எண்பத்தெட்டுக்கு ஏறியது மறுபடி அறுபத்தொன்றுக்கு இறங்கியது. நர்ஸ் ஒவ்வொரு முறை விரலில் குத்தும்போதும் எட்டி எண்ணைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே இருந்தார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பிற்பகலில் எண் நூற்று முப்பதுக்கு வந்து அங்கேயே நின்றது. "இனிமே பயமில்ல" என்றாள் நர்ஸ். அவர் டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஒன்னு சொல்றேன், கத்தாத. ஊசி போடும்போதே எனக்குத் தெரியும்டி. எப்பவும் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். இன்னிக்கி உள்ள எறங்கிகினே இருந்துச்சி. இன்னாடா இது, ஜாஸ்தி போவுதேன்னு நெனச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்னம்மா?"

"அவ்ளோ படிச்சவரு. நாலு பேரு குந்திகினு கீற எடத்துல, அளவு தப்புன்னு மாப்ளகிட்ட எப்டிடி சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் கையை உதறிவிடப் பார்த்தேன். குளுக்கோஸ் ஏறுகிற கை என்பதால் உதறவில்லை. நிமிர்ந்தால், திரைக்குப் பக்கத்தில் அவர் டீ கப்புகளோடு நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்றார்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல மாப்ள" என்று சொல்லிக்கொண்டே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்தி, மாப்பிள்ளை முன்னால் படுத்திருப்பதா என்று கட்டிலை விட்டு எழுந்து நிற்கப் பார்த்தாள்.