நெட்டுருப் போட்ட கற்பனை

கற்பனை ஸ்வரம் என்றால் பாடுகிறவருக்கு அந்த நிமிஷத்தில் மனசில் தோன்றுவது. எங்கள் பாட்டு வாத்தியாரோ அதையும் தாமே இட்டுக்கட்டி, எங்களை நெட்டுருப் போட வைப்பார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பனை என்னத்துக்கு என்பது அவர் எண்ணம். ஸ்ரீவராகம் என்ற எங்கள் பேட்டையில் என்னையும் என் சிநேகிதியையும் சேர்த்து உட்கார்த்தித்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே சங்கராபரணம், ஒரே ஸ்வரம். இது வம்பில் கொண்டுவிடும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை சமர்த்து.

யுத்த காலம். இசைப் பள்ளியில் ஒரே ஓர் இடம் இருந்தது. இருவரும் பரீட்சைக்குப் போனோம். "இடம் கெடைச்சாப் படி. இல்லேன்னா தையில கல்யாணம்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் வீட்டிலும் இதே பேச்சுதான். எனக்குக் கல்யாணம் வேண்டவே வேண்டாம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். கணீரென்று பாடினாள்.

"பேஷ். ஸ்வரமெல்லாம் சொந்தக் கற்பனையா?" என்றார் பரீட்சை எடுத்த வித்வான். அவள் தலையாட்டினாள்.

எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதானே! அதையே நானும் பாடினால் இருவர் குட்டும் உடைந்துவிடும்.

என் முறை வந்தது. பாட்டை ஒருவழியாகப் பாடிவிட்டேன். ஸ்வரத்தில் வாய் பழைய வழியிலேயே போகப் பார்த்தது. அதை அடக்கிக் காந்தாரத்தில் நின்றேன். மிருதங்கம் எனக்காக நிற்குமா? பயத்தில் வாய்க்கு வந்ததைப் பாடினேன். தடுக்கினேன். தடுக்கிய இடத்திலிருந்தே இன்னொன்று கிளம்பிற்று. தாளம் மட்டும் தப்பக் கூடாதென்று தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, எப்படியோ பாட்டுத் தொடங்கும் எடுப்பில் வந்து விழுந்தேன்.

"குட்டி, இதே ஸ்வரத்தை ஒண்ணுகூடிப் பாடு, இன்னொரு தடவை" என்றார் வித்வான்.

"தெரியல்லே மாமா." இடம் போயே போயிற்று என்று நினைத்தேன்.

அவர் அவள் பக்கம் திரும்பி, "நீ பாடினது?" என்றார். அவள் உற்சாகமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் பாடிக் காட்டினாள். அவர் மெல்லச் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

இடம் எனக்குக் கிடைத்தது. வீடு திரும்பும் வழியில், கோட்டை வாசலில் அவள் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாத்தியார் ஒனக்கு மட்டும் தனியா வேற சொல்லிக் குடுத்தாராடி?"

"சத்தியமா இல்லைடி. அப்போ தோணித்து, பாடினேன்."

"பொய் சொல்லாதே. அப்படி எப்படித் தோணும்?"

எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. அவள் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை.