நாலு மணிக்குத் தோற்கும் சோதனை

செவ்வாய்க்கிழமை காலை நம் குழுவின் அரட்டைப் பக்கத்தில் செலின் அக்காவின் கணவர் சூசை அண்ணன் ஒரு வரி போட்டிருந்தார்: "செலின் காலைல ஆறு மணிக்கு எறந்துட்டா. நாளைக்கு மணமேல்குடில அடக்கம்." இரண்டு வருடமாக நோய். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வரிக்குக் கீழேயே, நிரலைச் சோதித்து முடிவைச் சொல்லும் நம் தானியங்கி வழக்கம்போல, "சோதனை தோல்வி, தொகுப்பு நிறுத்தப்பட்டது" என்று போட்டது. அக்கா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

குழுவுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். செலின் அக்கா ஆவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மணமேல்குடிக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடல் காற்று அறிவிப்பைத் தமிழில் வாசித்துச் சொல்லும் நம் நிரலை நான் புதுக்கோட்டையில் உட்கார்ந்து எழுத, யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பாக அவர் அதைக் கட்டுவார்.

அந்தத் தொகுப்பு வெளியே போக ஒரு கதவு உண்டு. தானியங்கிச் சோதனைகள் அத்தனையும் தேறினால்தான் அது திறக்கும். அந்தக் கதவை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. எவருடைய தொகுப்போ உடைந்ததற்காக நம்முடையது மூன்று வாரம் உள்ளேயே நின்றிருக்கிறது. கதவை நடத்துகிறவர்களைக் கேட்டு மின்னஞ்சல் போட்டால் பதிலும் வராது.

போன வருடம் நம் சோதனைகளில் ஒன்று அடிக்கடி தோற்றது. மாலையில் அனுப்புவேன்; வரிசையில் முறை வரும்போது விடியற்காலை ஆகிவிடும்; தோற்கும். ஒன்பது மணிக்கு மறுபடி ஓட்டினால் தேறிவிடும். வெறுத்துப்போய் அந்தச் சோதனையையே நீக்கிவிட முடிவு செய்தேன். அதற்கு எங்கள் இருவர் சம்மதமும் வேண்டும். அக்கா மறுத்தார். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று மணமேல்குடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

"மெஷின் கோளாறுக்கா. பகல்ல ஒழுங்காத்தான் போகுது."

"பகல்ல மட்டும் ஏன் தம்பி ஒழுங்காப் போகுது?"

கெட்டுப்போன ஒரு ஜெராக்ஸ் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு தோல்வியின் நேரத்தையும் நம் ஊர் மணிக்கு மாற்றி எழுதியிருந்தார். எல்லாமே நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில்.

"எங்க கொழுந்தன் கட்டுமாவடில நாலு மணிக்கு போட்டை எடுக்குறவரு. போன வாரம் நம்மது பலத்த காத்துன்னு சொல்லுச்சுன்னு வீட்டுல படுத்துட்டாரு. ஊரே மீனோட வந்துச்சு. 'ஒங்க பெட்டி நேத்துக் காத்தை வாசிக்குது மதினி'ன்னு ஒரே கேலி."

நிரலைத் திறந்து பார்த்தேன். தேதியை உலகப் பொது நேரத்தில் எடுத்திருந்தேன். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் வருவது. படகு கிளம்பும் நேரத்தில் நிரலுக்கு இன்னும் நேற்றுதான். நேற்று அமைதி, இன்று காற்று என்று இருந்திருந்தால் அந்த மனிதர் கடலுக்குள் போயிருப்பார்.

அவர் கடைக் கணினியிலேயே திருத்தினேன். ஒரே வரி. முடிப்பதற்குள், "எந்திரிங்க தம்பி, ஹால் டிக்கெட் எடுக்க ஆள் நிக்கிது" என்று விரட்டினார். எழுந்துகொண்டே, "கதவு சொன்னது சரிதான். ஆனா என்ன தப்புன்னு தெளிவாச் சொல்லித் தொலைக்கலாம்ல?" என்றேன்.

"அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தை நம்மதான் எழுதி வைக்கணும்."

பிரிண்ட் ஓடுகிற நேரத்தில், நிரலில் அந்தச் சோதனைக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினார்: "இது தோத்தா ஒடனே திரும்ப ஓட்டாதீங்க. மொதல்ல மணியைப் பாருங்க." எழுத்துத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "அப்புறம் யாரும் படிக்க மாட்டீங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குறிப்பை. குழுவில் யாரும் அதில் கை வைக்க வேண்டாம்.

புதன்கிழமை அடக்கத்தில் கொழுந்தனாரைப் பார்த்தேன். "பெட்டி இப்பச் சரியா வாசிக்குது தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து, முந்தைய நாள் தோல்வியைத் திறந்து, முதலில் மணியை ஒரு தாளில் எழுதினேன். பிறகு சோதனை ஓடிய பதிவு முழுவதையும் படித்தேன். இந்த முறை நிஜமாகவே மெஷின் கோளாறுதான், சோதனை ஓட்டும் கணினியின் வட்டில் இடமில்லை. நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். தேறியது.