ஆயிரம் கலோரியும் அண்ணாமலையாரும்

1977ஆம் வருஷம் ஆனி மாதம். தையல் மிஷினை விட்டு எழுந்தபோது தொப்புளுக்குப் பக்கத்தில் சுருக்கென்று வலித்தது. கை வைத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகிறது, நின்றால் வெளியே வருகிறது. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பெரிய பெண் ஒன்பதாவதும் சின்னவள் ஆறாவதும் படித்துக் கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த இரண்டையும் யார் பார்ப்பது என்று அன்றைக்கு முழுக்க அழுதேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் பேகோபுரத் தெருவில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள் நான். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மொட்டை மாடிக்குப் போனால் மலை அப்படியே எதிரில் நிற்கும். அண்ணாமலையாரைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம். அவர் எனக்குச் செய்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்னைத் தராசில் ஏறச் சொன்னார். முள் போன தூரத்தைப் பார்த்து நானே கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொடல் எறங்கியிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஆனா இந்த வெயிட்ல நான் பண்ண மாட்டேன். கொழுப்பு ஜாஸ்தி. தையல் நிக்காது, பிரிஞ்சுடும்" என்றார்.

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. இழுத்துப் பிடிக்கிற ரவிக்கையில் எவ்வளவு அழுத்தமாகத் தையல் போட்டாலும் அக்குளில் விட்டுப்போகும். அதைத் தினமும் பார்க்கிறவள் நான். எடையைக் குறைப்பதற்குள் குடல் வெளியே வந்து சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் போகக்கூடாது என்றார். கலோரி என்றால் என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிச்சதுல எல்லாம் அது ஜாஸ்தி, பிடிக்காததுல கம்மி. அவ்ளோதாம்மா" என்றார்.

காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் கீரையும் மோரும், சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ, இரவுக்கு எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தி. தேங்காய், வெல்லம், நெய் பக்கமே போகக்கூடாது. நானோ பிள்ளைகள் தட்டில் மீதி வைத்ததைக்கூட வீணாகக் கூடாது என்று வழித்துச் சாப்பிடுகிறவள்.

எங்கள் ஊரில் எந்த விரதத்தையும் பௌர்ணமியன்று தொடங்குவதுதான் வழக்கம். நானும் அப்படியே தொடங்கினேன். காலையில் குளித்து, மாடியில் மலைக்குக் கற்பூரம் காட்டி, "அண்ணாமலையாரே, இன்று முதல் வாயைக் கட்டுகிறேன்" என்று சங்கல்பம் செய்துகொண்டேன். முதல் பத்து நாள் நன்றாகவே போனது. பதினோராவது நாள் எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்று ஒரு தட்டு நிறைய பஜ்ஜியும் கேசரியும் வந்தன. கேசரியை ஒரு விரலால் தொட்டேன். அப்புறம் தட்டுதான் மிச்சம்.

இங்கேதான் நான் ஒரு பெரிய தப்புக் கணக்குப் போட்டேன். சங்கல்பம் உடைந்துவிட்டது. உடைந்த விரதத்தை நடுவில் ஒட்டவைக்க முடியாது. அடுத்த பௌர்ணமிக்குத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். அப்படியானால் நடுவில் இருக்கிற நாட்களில் என்ன சாப்பிட்டால் என்ன? எப்படியும் கெட்டுப்போன மாதம்தானே என்று கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிட்டேன். பௌர்ணமி வந்ததும் மறுபடி கற்பூரம், மறுபடி கண்ணீர். பிறகு ஒரு அதிரசம் வரும். அதோடு அந்த மாதமும் போகும். ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் இப்படியே போயின. டாக்டரம்மாவின் தராசில் என் எடை ஏறியதே தவிர இறங்கவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பிரசாதத்துக்குக் கலோரி கிடையாது என்று நான் மனதார நம்பினேன். சாமிக்குப் படைத்தது உடம்பில் ஒட்டுமா? வேண்டாம் என்று சொல்வதும் பாவமாயிற்றே. மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் கோவிலுக்குப் போனேன். பக்தியோடுதான் போனேன். ஆனால் நெய் ஒழுகுகிற வெண்பொங்கலும் என் பக்திக்குக் கொஞ்சம் துணை செய்தது என்று இப்போது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று அது நடந்தது. விருந்தாளிகளோடு விருந்தாளியாக வயிறு முட்டச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது வீக்கம் வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. வாந்தி வந்தது. வலியில் தரையில் சுருண்டேன். ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ஊசி போட்டு, காலைத் தூக்கி வைத்து, மெல்ல மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார்.

"இந்தத் தடவ போயிடுச்சு. அடுத்த தடவ இப்படி ஆனா என் கையில இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலையில் மாடிக்கு ஏறினேன். கற்பூரம் கொண்டுபோகவில்லை. சங்கல்பம் செய்துகொள்ள எனக்கே வெட்கமாக இருந்தது. மலையைப் பார்த்துக் கேட்டேன். "அப்பா, என்னால் முடியவில்லை. எத்தனை தடவை உனக்கு வாக்குக் கொடுத்து உடைத்துவிட்டேன். என் பசியை எடுத்துக்கொள். இல்லையென்றால் என் பிள்ளைகளுக்கு வேறு ஒரு வழியைக் காட்டு." வேறு எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பசி போனதா? இல்லை. அன்றைக்கு எப்போதையும்விட அதிகமாகப் பசித்தது. சாமிக்கும் என் பேரில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் தைப் பௌர்ணமி வந்தது. என் நாத்தனார் சரோஜா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். "வாங்க அண்ணி, மலை சுத்திட்டு வரலாம்" என்று விடிந்ததும் வந்து நின்றாள். வயிற்றுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு மெதுவாக நடக்கலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று, கடைசித் தடவையாக என்று சொல்லி, மறுபடியும் வாயைக் கட்டுவதாக வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த நாளில் மலை சுற்ற இவ்வளவு கூட்டம் கிடையாது. ஆனால் தைப்பூசம் ஆனதால் வழியில் அங்கங்கே யாராவது பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிக் கோவில்களில் ஒன்றான யம லிங்கத்தில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையில் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். நிருதி லிங்கத்தில் புளியோதரை. அதையும் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கம்மா" என்றதும் கையை நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வேண்டிக்கொண்டு இன்னும் மலையைப் பாதிகூடச் சுற்றவில்லை. அதற்குள் உடைத்துவிட்டேன். மாட்டுப் பொங்கலன்று தரையில் சுருண்டு கிடந்தது அவ்வளவு சீக்கிரம் மறந்துபோய்விட்டதா எனக்கு?

சரோஜாவுக்குத் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். கண்ணீரில் வழி தெரியவில்லை. அடி அண்ணாமலை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கல் தடுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவர் கருணை. முட்டியில் மட்டும் ரத்தம்.

"சரோஜா, சகுனமே சரியில்ல. இந்தத் தடவ வேணாம். வீட்டுக்குப் போயிடலாம். அடுத்த பௌர்ணமிக்கு மொதல்ல இருந்து சுத்திக்கலாம்" என்றேன்.

சரோஜா என்னைப் பிடித்துத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டாள். அவளுக்குக் கால் வலி, காபி குடிக்காத எரிச்சல் வேறு.

"இன்னா அண்ணி பேசறீங்க? நாம பாதி தூரம் வந்தாச்சு. இங்க இருந்து திரும்பிப் போனாலும் அவ்ளோ தூரம்தான், நேரா போனாலும் அவ்ளோ தூரம்தான். நேரா போனா மலை சுத்தின மாதிரியாவது இருக்கும்."

"வண்டி ஏதாவது வருதான்னு பாரு."

"இந்தப் பக்கம் மாட்டு வண்டிதான் வரும். அதுவும் வைக்கோல் ஏத்திக்கினு வரும். எழுந்து நடங்க."

மலையைச் சுற்றத் தொடங்கியவர்கள் திரும்பி நடப்பது எங்கள் ஊரில் கிடையாது. மலை எப்போதும் வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து எழுந்து நடப்பார்கள். கோபுர வாசலுக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. நொண்டிக்கொண்டே ரெண்டு அடி வைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நான் மாடியில் நின்று கேட்டது பசியை எடுக்கச் சொல்லி. அவர் எடுத்தது பசியை அல்ல, அந்தத் தப்புக் கணக்கை. சரோஜாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்ற கவலையில் இருந்தாள். அவள் வாயால் பேசியது யார் என்று எனக்குத் தெரியும். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அழுதுகொண்டே வந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்ததைப் பார்த்து, "அண்ணி, தலையில ஒண்ணும் அடிபடலியே?" என்று கேட்டாள் அவள்.

அன்று மதியம் ஒரு கிண்ணம் சோறு, கீரை, மோர். காலையில் பொங்கலும் புளியோதரையும் தின்ற அதே நாளில். கெட்டுப்போன மாதம் என்று விட்டுவிடாமல், விழுந்த இடத்திலிருந்து எழுந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அந்த மோருக்கு இருந்த ருசியை என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகு தவறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தவறினேன், பல தடவை. செங்கத்தில் என் அக்கா மகள் வளைகாப்பில் ஏழு வகைச் சாதத்தையும் ஒரு கை பார்த்தேன். பழைய ஆளாக இருந்தால் அடுத்த பௌர்ணமி வரைக்கும் கொண்டாட்டம்தான். இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தே கண்ணை மூடி, "அப்பா, விழுந்துட்டேன், கையைக் கொடு" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு சப்பாத்தியோடு படுத்தேன். ஒரு வேளை போனது, ஒரு மாதம் போகவில்லை.

பிரசாதத்தை இப்போதும் மறுப்பதில்லை. ஒரு விரல் எடுத்து வாயில் வைத்து, மிச்சத்தைச் சரோஜாவிடம் கொடுத்துவிடுவேன்.

"உங்க புண்ணியத்துல நான்தான் குண்டாயினு வரேன் அண்ணி" என்பாள். ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எடை சட்டென்று இறங்கிவிடவில்லை. சில மாதம் இறங்கியது, சில மாதம் அப்படியே நின்றது, தீபாவளிக்குக் கொஞ்சம் ஏறவும் செய்தது. 1979 சித்திரையில் டாக்டரம்மா தராசைப் பார்த்தார். நம்பாமல் என்னை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வச்சுக்கலாம்மா" என்றார். நான் அங்கேயே மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பு மாட்டுவது போல முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்த அன்று தையலைக் குனிந்து பார்த்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"டாக்டரம்மா, அழுத்தமாத்தான் போட்டிருக்கீங்க. கீழ மட்டும் கொஞ்சம் கோணலா போயிருக்கு" என்றேன்.

"சிரிக்க வைக்காதீங்கம்மா, அப்புறம் நீங்களும் சிரிப்பீங்க, நான் திரும்பத் தைக்கணும்" என்றார். நர்ஸ் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இதை எழுதும்போது 1986. பெரிய பெண்ணுக்குப் போன வைகாசியில் கல்யாணம் முடிந்தது. பந்தியில் நானே ஓடி ஓடிப் பரிமாறினேன். என் வயிற்றில் அந்தத் தையல் இன்று வரைக்கும் அசையவில்லை. மனசும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தவறிவிட்டால் சாமி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வேன். இப்போது தவறிய உடனே முதலில் அவரிடம்தான் ஓடுகிறேன்.

என்னைப் போல வாயோடு போராடிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு நீங்கள் அதிகமாகச் சாப்பிட்டிருக்கலாம். பாதி டப்பா முறுக்கு காலியாகியிருக்கலாம். நல்ல நாள் பார்க்க வேண்டாம், கற்பூரம் தேட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த சாமியை, உங்களுக்குப் பழகிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கையில் இன்னும் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கையையே அவரிடம் நீட்டுங்கள். அவர் பிடித்துக்கொள்வார், என் கையைப் பிடித்தவர்தானே.